தலைக்கு 135 லிட்டர்: சென்னையின் ஏரிகளும் பெண்களின் நீர்க்கணக்கும்

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பு நாள்தோறும் வெளியாகிறது. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, இவற்றோடு கடலூர் மாவட்டத்து வீராணம் 1,465. எல்லாம் மில்லியன் கன அடியில் முழுக் கொள்ளளவு. கூட்டினால் 13,222, அதாவது பதின்மூன்று டிஎம்சிக்குச் சற்று மேல். ஒரு டிஎம்சி என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் கொடுத்தால் ஒரு டிஎம்சி 28 நாளைக்கு வரும். எல்லா ஏரியும் நிரம்பி, ஒரு சொட்டும் ஆவியாகாமல் இருந்தால் நகரம் ஓராண்டைத் தாண்டலாம். ஆனால் இவை ஆழமற்ற ஏரிகள். பூண்டி 35 அடி, செம்பரம்பாக்கம் 24 அடி, புழல் 21 அடி. சித்திரை வெயில் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியை விடும்.

திட்டமிடுபவர்களிடம் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. பெருநகரங்களுக்கு 150. இந்தத் 'தலைக்கு' என்ற சொல்லை நான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். 135 லிட்டர் என்றால் தலைக்கு ஒன்பது குடம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாற்பத்தைந்து குடம். எடை 675 கிலோ. குழாய் வீட்டுக்குள் வராத தெருவில், கையேடு தரச் சொல்லும் தண்ணீர் முழுவதையும் ஒரு பெண் கொண்டுவந்து சேர்ப்பதென்றால் அன்றாடம் முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமக்க வேண்டும். யாராலும் முடியாது. அதனால் அந்த வீடு 135 லிட்டரில் வாழ்வதில்லை. அவள் இடுப்பும் தோளும் எத்தனை நடைக்குத் தாங்குமோ அதுதான் அந்த வீட்டின் தலைக்கணக்கு. நான் படித்த எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தப் பெருக்கல் இல்லை.

சென்னையின் நீர்த்தேக்க வரலாற்றை இந்த விடுபட்ட கணக்கிலிருந்து படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கோட்டைக்கு முதல் தண்ணீர்

நகரத்தின் முதல் ஒழுங்கான நீர்த்திட்டம் 1772இல் வந்தது. கோட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டி, அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். இன்றும் அந்தப் பகுதிக்குப் பெயர் ஏழு கிணறு. முற்றுகைக் காலத்தில் படைக்குத் தண்ணீர் தட்டக்கூடாது என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரம் தன் வீட்டுக் கிணறுகளையும் கோயில் குளங்களையும் நம்பி இருந்தது. எந்தக் கிணற்றில் யார் வாளி இறக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. தாகத்திலும் முன்னுரிமை உண்டு என்ற விதி அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

நூறாண்டு கழித்து ஏரிகள் வந்தன. 1866இல் வில்லியம் ஃபிரேசர் என்ற பொறியாளர் திட்டம் கொடுத்தார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாய் வழியே சோழவரம், சோழவரத்திலிருந்து செங்குன்றம் என்கிற புழல் ஏரி, புழலிலிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம். 1872இல் புழல் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் நான்கு லட்சம் பேர்.

சோழவரமும் புழலும் வெறும் பள்ளங்களாகக் காத்துக்கிடந்தவை அல்ல. பாசன ஏரிகள். ஏருக்கு உதவுவதால் ஏரி என்று நம் ஆட்கள் பெயர்க்காரணம் சொல்வதுண்டு. செங்கற்பட்டுச் சீமை முழுவதும் இப்படிப்பட்ட ஏரிகளின் சங்கிலி. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. நகரம் ஏரியை எடுத்துக்கொள்ளும்போது ஆயக்கட்டு நிலம் மெல்ல மெல்ல வறளும். நிலம் வைத்திருந்தவருக்கு ஏதோ ஒரு வகையில் ஈடு கிடைக்கும், அல்லது மனுக் கொடுக்கவாவது ஒரு பட்டா இருக்கும். அந்த வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்துக் கூலியாக நெல் வாங்கியவள் யாருக்கு மனுக் கொடுப்பாள்? நடவும் களையும் பெண்களின் வேலை. ஏரி நகரத்துடையதானால் முதலில் போவது அந்த வேலை. பட்டா உள்ளவரை மட்டும் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கும் முறையின் வயது இந்த நகரத்தின் குடிநீர்த் திட்டத்தின் வயதுக்குக் குறைந்ததல்ல.

1961ஐ எட்டிப் பார்த்த பொறியாளர்

புழல் தண்ணீர் வந்த பிறகும் அது வடிகட்டப்படாத தண்ணீராகவே இருந்தது. திறந்த வாய்க்கால் வழியே வந்து நேராகக் குழாய்களுக்குள் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் இதை மாற்றினார். மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீரேற்றும் இயந்திரங்கள், மேல்நிலைத் தொட்டி எல்லாம் அவர் திட்டத்தில் வந்தன. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. வாந்திபேதிக்குப் பிள்ளைகளை வாரிக்கொடுத்த நகரத்தில் வடிகட்டிய தண்ணீரின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்து, துணி துவைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களுக்கு அது முதல் விடுதலை.

மேட்லியின் திட்டம் ஐம்பது ஆண்டு தொலைவைப் பார்த்தது. 1961இல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், தலைக்கு நாளொன்றுக்கு 115 லிட்டர் வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். 1931 கணக்கெடுப்பிலேயே நகரம் 6.47 லட்சத்தைத் தொட்டது. 1941இல் 7.77 லட்சம். 1961 வந்தபோது 17.29 லட்சம். எதிர்காலம் திட்டத்தை முப்பது ஆண்டு முந்திக்கொண்டது.

மேட்லியைக் குறை சொல்வது எளிது. இரண்டு உலகப் போர்களையும் நாட்டுப் பிரிவினையையும் நகரத்தை நோக்கி வந்த தொழிலாளர் கூட்டத்தையும் அவர் எப்படி ஊகிப்பார்? நான் கேட்க நினைக்கும் கேள்வி வேறு. 6.6 லட்சம் பேருக்குக் கட்டிய அமைப்பில் 17 லட்சம் பேர் எப்படி வாழ்ந்தார்கள்? குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறுகியது. முழுநாள் என்பது சில மணி நேரமானது. அழுத்தம் குறைந்ததால் குழாய்க்கு அடியில் பள்ளம் தோண்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்தார்கள். வீட்டில் அண்டா, தவலை, சிமெண்டுத் தொட்டி, பிறகு இரும்பு டிரம், பிளாஸ்டிக் டிரம் என்று சேமிப்பு பெருகியது. ஏரியில் போதாத கொள்ளளவு அடுக்களையில் உருவானது. அந்தச் சிறு நீர்த்தேக்கங்களை நிரப்புவதும் கழுவுவதும் மூடிவைப்பதும், எது குடிக்க எது கழுவ என்று பங்கிடுவதும் பெண்களின் கையில் விடப்பட்டன. முன்கணிப்பில் விழுந்த பதினோரு லட்சம் பேரின் பள்ளத்தை அவர்களுடைய தூக்கம்தான் நிரப்பியது.

பூண்டியில் மூழ்கிய ஊர்

புழலும் சோழவரமும் போதவில்லை என்றானபோது கொசஸ்தலையின் மேல்பகுதியில் புதிய நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி அதற்காக ஓயாமல் போராடினார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. 1943இல் மறைந்த சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. அவர் பெயரில் சத்தியமூர்த்தி சாகர் ஆனது. போர்க்காலத்தில் ஓர் இந்திய மேயர் நகரத்துக்குத் தண்ணீர் வாங்கித் தந்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் காலத்து மண்வேலை எதிலும் கூடை சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். கரை உயர உயர அவர்கள் ஏறிய தூரமும் உயர்ந்திருக்கும். பெயர்ப்பலகையில் இடம் ஒரு பெயருக்குத்தான்.

பூண்டி நீர்ப்பரப்புக்குள் திருவெண்பாக்கம் மூழ்கியது. சைவ இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். சுந்தரர் பாடிய தலம். பெரியபுராணம் சொல்லும் கதையை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கிறார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார். வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு வர, சத்தியத்தை மீறிப் புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் பார்வை இழக்கின்றன. தடுமாறி வந்த அவருக்கு வெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுக்கிறார். அதனால் அங்குள்ள சுவாமி ஊன்றீஸ்வரர். அம்மன் பெயர் மின்னொளி. கண்ணில்லாதவருக்கு மின்னலாக வழி காட்டினாள் என்பது தலக்கதை. நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தக் கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் மீண்டும் அமைத்தார்கள்.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சுந்தரருக்குக் கோல் கிடைத்தது, பிறகு காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். சங்கிலியாருக்கு என்ன கிடைத்தது? புராணம் அவரை ஒற்றியூரிலேயே விட்டுவிட்டு நடக்கிறது. எனக்கு இது நீர்த்திட்டங்களின் கதைபோலவும் படுகிறது. சாமிக்கு மாற்று இடம் உண்டு, கல்லுக்குக் கணக்கு உண்டு, பட்டாவுக்கு ஈடு உண்டு. வாக்குக் கொடுக்கப்பட்டு விடப்பட்டவளுக்கு ஏடு இல்லை. திருவொற்றியூர் இன்று சென்னை மாநகராட்சியின் வடகோடி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு சாலையில் உட்கார்ந்து மறியல் செய்யும் பெண்களின் படம் நாளிதழில் எத்தனையோ முறை வடசென்னையிலிருந்து வந்திருக்கிறது.

வாக்குகளும் குழாய்களும்

பூண்டிக்குப் பிறகு நகரம் இன்னும் தொலைவுக்குக் கை நீட்டியது. 1960களின் இறுதியில் வீராணம் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரம்மாண்டமான சிமெண்டுக் குழாய்கள் சாலையோரத்தில் பல்லாண்டு கிடந்தன. தண்ணீர் ஓட வேண்டிய குழாய்க்குள் வீடற்ற குடும்பங்கள் அடுப்பு மூட்டி வாழ்ந்தன. 2004இல்தான் புதிய வீராணம் திட்டம், புதிய குழாய்களோடு, சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

கிருஷ்ணா நீர் இன்னொரு வாக்கு. 1976இல் மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டிஎம்சி தர ஒப்புக்கொண்டன. 1983இல் ஆந்திரமும் தமிழ்நாடும் செய்த ஒப்பந்தப்படி, வழியில் போவது போக எல்லையில் 12 டிஎம்சி கிடைக்க வேண்டும். 1996இல் கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டியைத் தொட்டது. அன்றைக்கு ஊரே கொண்டாடியது. ஆனால் 12 டிஎம்சியும் முழுதாக வந்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

இந்தக் காத்திருப்பின் காலத்தை அரசு ஆவணங்களை விட அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் எனக்கு நன்றாகச் சொல்லித் தந்தது. 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்த நாவலில் சென்னையின் ஒரு தெரு, வற்றிய குழாய்கள், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். தண்ணீருக்கு அலைவதும் ஆண்களின் உலகில் தன் உடலோடு ஒரு பெண் படும் அவதியும் அங்கே ஒரே கதையாகப் பிணைந்திருக்கின்றன. ஒரு ஆண் எழுதிய நாவல்தான். ஆனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வருபவளின் மனத்தில் என்ன ஓடும் என்பதைத் தெரிந்து எழுதியிருக்கிறார். பொறியாளர்கள் அதைப் படித்திருந்தால் 'தேவை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்கும்.

1978இல் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வாரியம் தொடங்கியது. தெருக்களில் அடிபம்புகளும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகளும் லாரிகளும் வந்தன. என் அம்மாவின் வலது தோள்பட்டை அடிபம்பால் தேய்ந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. அம்மா சொல்வாள். பித்தளைக் குடம் பிளாஸ்டிக்காக மாறியபோது சுமை குறைந்ததென்று தெருவே மகிழ்ந்ததையும் அவள்தான் சொல்வாள். தண்ணீர்த் தட்டுப்பாட்டின் முன்னேற்றம் என்றால் அவ்வளவுதான். பாத்திரம் இலேசானது. நடை குறையவில்லை.

வீட்டுச் சேமிப்புக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் வளரும். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் திறந்தால் டிரம்மில் பிடித்துவைக்காமல் எப்படி? ஆய்வுக்கு வருபவர்கள் அந்த டிரம்மைத் திறந்து பார்த்து வீட்டுப் பெண்ணைக் கண்டிக்கிறார்கள், சில நேரம் அபராதம் போடுகிறார்கள். விட்டுவிட்டுத் தண்ணீர் தரும் அமைப்பின் குறை அங்கே ஓர் இல்லத்தரசியின் சுத்தக்குறைவாக மாறிவிடுகிறது.

நிரம்பினாலும் வற்றினாலும்

நீர்த்தேக்கத் திட்டமிடலில் ஓர் உண்மையான இக்கட்டு உண்டு. சென்னைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். கோடைக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஏரியை நிரப்பிவைக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அதே ஏரியில் இடம் விட்டுவைக்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. கீழே அடையாறு கரை கொள்ளாமல் ஓடியது. வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. நகரத்தின் நடுவில் நாலு வீட்டில் வேலை செய்து பிழைத்த பெண்கள் வேலையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போடப்பட்டார்கள். ஏரியின் மதகைப் பற்றி எடுத்த ஒரு முடிவு ஒருத்தியின் பேருந்துக் கட்டணத்தில் போய் முடிந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 2019 ஜூனில், நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வந்தது. அந்த ஜூனில் முதல் வகுப்புக்கு மாணவிகளில் பாதிப் பேர் வரவில்லை. லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. அம்மா வேலைக்குப் போனால் மகள் வரிசையில் நிற்க வேண்டும். வந்தவர்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று தெரியும். மாதவிடாய் நாட்களில் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறிதான்.

அதே 2019இல் இந்திய அரசு முதன்முறையாக நாடு தழுவிய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்று தெரியவந்தது. ஆக, பெண்களின் நேரத்தை அளக்க முடியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. அளக்கும் கருவி அரசின் கையிலேயே இருக்கிறது.

அடுத்த அட்டவணைக்கு

2020இல் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை திறக்கப்பட்டது. பூண்டிக்குப் பிறகு சென்னைக்கென்று கட்டிய புதிய நீர்த்தேக்கம் அதுதான். இடைவெளி 76 ஆண்டு. அதன் கொள்ளளவோ அரை டிஎம்சி. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கோவளம் பகுதியில் ஆறாவது நீர்த்தேக்கம் வரும் என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. 2046 வரை பார்க்கும் மூன்றாவது பெருந்திட்டம் தயாராகிவருகிறது. மறுபடியும் யாரோ ஒருவர் மக்கள்தொகைக் கோட்டை முன்னோக்கி இழுத்து, 135ஆல் அல்லது 150ஆல் பெருக்கி, இத்தனை டிஎம்சி வேண்டும் என்று எழுதப்போகிறார்.

அந்தப் பெருக்கலை நான் எதிர்க்கவில்லை. நீர்த்தேக்கம் வேண்டாம் என்று சொல்லும் வசதி குழாயில் தண்ணீர் வருகிறவர்களுக்கே உண்டு. வரிசையில் நிற்கிறவளுக்கு ஏரி நிரம்ப வேண்டும். ஆனால் ஏரி நிரம்பிய ஆண்டுகளிலும் அவள் வரிசையில்தான் நின்றாள் என்பதை இந்த 150 ஆண்டு வரலாறு காட்டுகிறது. கொள்ளளவு கூடியபோது தண்ணீர் முதலில் போன இடங்கள் வேறு.

எனவே அட்டவணையில் சில பத்திகளைச் சேர்க்கச் சொல்கிறேன். குழாய் எந்த வார்டில் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் திறக்கிறது. வீட்டுக்குள் குழாய் இல்லாத குடும்பங்கள் எத்தனை, அங்கே தண்ணீர் கொண்டுவருபவர் யார், எத்தனை வயது, நாளைக்கு எத்தனை நிமிடம். நகரத்துக்காக எடுக்கப்படும் ஏரியிலும் உப்பங்கழியிலும் நட்டும் அறுத்தும் மீன், இறால் பிடித்தும் வாழ்பவர்கள் யார் யார், அவர்களில் பட்டா இல்லாத பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு ஈடு என்ன. இருக்கிற ஏரிகளில் வண்டல் எவ்வளவு, அதை அள்ளினால் புதிதாக யாரையும் மூழ்கடிக்காமல் எவ்வளவு தண்ணீர் தேக்கலாம். புது நீர்த்தேக்கத்தின் முதல் ஒரு டிஎம்சி வரிசையில் கடைசியாக நிற்கும் தெருக்களுக்கு என்று திட்டத்திலேயே எழுதிவைக்க முடியுமா.

மேட்லி 1961ஐ மனத்தில் வைத்து எழுதினார். இப்போது எழுதுகிறவர்கள் 2046ஐ மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு என் மாணவிகளுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டு அவர்கள் எழ வேண்டியிருக்குமா என்ற கேள்விக்கும் அந்த அறிக்கை ஓர் எண்ணால் பதில் சொல்லட்டும்.